ஜேஎஸ்டெலிவர், சிடிஎன்ஜேஎஸ், அன்பிகேஜி: கோலாலம்பூர் கடை அகப்பக்கத்துக்கு எதை நம்பலாம்?

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு புடவைக் கடை, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுக்கும் உணவகம், செந்தூலில் கல்யாண மண்டபம். இப்படி எந்தக் கடையின் அகப்பக்கத்தைத் திறந்து அதன் மூலக்குறியைப் பார்த்தாலும் காட்சி அநேகமாக ஒன்றுதான். படம் நகர்த்தும் ஸ்லைடருக்கு ஒரு ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்), ஜேகுவரி என்ற ஆயத்த நிரல் நூலகத்துக்கு ஒன்று, தேதி தேர்வுக்கு ஒன்று, மூலையில் எட்டிப் பார்க்கும் சாட் பெட்டிக்கு ஒன்று. பாதிக்கு மேல் வேறு யாரோ நடத்தும் சர்வரிலிருந்து வருகின்றன. கடைக்காரருக்கு அது தெரியாது. பக்கத்தைச் செய்து கொடுத்தவருக்கும் இரண்டு வருடம் கழித்து ஞாபகம் இருக்காது. இப்படி நூலகக் கோப்புகளை எல்லாருக்கும் பரிமாறும் சர்வர் வலையமைப்பைத்தான் சிடிஎன் என்கிறார்கள். தலைப்பில் உள்ள மூன்றும் அப்படிப்பட்ட சேவைகள்.

பக்கத்துக்குள் ஸ்கிரிப்டை அழைக்கும் வரியான ஸ்கிரிப்ட் டேக்கில் வெளி முகவரி ஒன்றை எழுதினால், அந்த முகவரியை நடத்துகிறவருக்கு நம் பக்கத்தில் நமக்கு உள்ள அதே அதிகாரம் கிடைத்துவிடுகிறது. வாடிக்கையாளர் படிவத்தில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த ஸ்கிரிப்ட் படிக்கலாம். பேங்க் கணக்கிலிருந்து பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ் பொத்தான் போகும் இடத்தை மாற்றலாம். "பணம் கட்டுவது பேங்க் பக்கத்தில்தானே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. பேங்க் பக்கத்துக்கு அனுப்பும் பொத்தான் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

2024 ஜூனில் நடந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். பழைய பிரவுசர்களுக்கு இல்லாத வசதிகளை நிரப்பிக் கொடுத்த பாலிஃபில் டாட் ஐஓ என்ற சேவையின் டொமைன் அந்த ஆண்டு பிப்ரவரியில் கைமாறியது. ஜூன் மாதத்தில் அதே முகவரியிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், கைத்தொலைபேசியில் வருகிறவர்களில் சிலரை மட்டும், சில நேரங்களில் மட்டும், விளையாட்டுச் சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பியது. நிர்வாகி உள்நுழைந்திருந்தால் சும்மா இருந்துவிடும். அதனால்தான் பக்கத்தின் சொந்தக்காரர் கண்ணில் அது படவில்லை. பாதிக்கப்பட்ட தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கண்டுபிடித்த நிறுவனம் சொன்னது. அத்தனை பேரும் தங்கள் பக்கத்தில் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை. முகவரி பழையது, கோப்பு மட்டும் புதியது.

ஆகவே இந்த மதிப்பீட்டில் வேகத்துக்கு முதலிடம் இல்லை. கொடுத்த கோப்பு நாளைக்கும் அதே கோப்பாக இருக்கிறதா என்று பிரவுசரையே சரிபார்க்க வைக்க முடிகிறதா, அதற்கு அந்தச் சேவை எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதுதான் அளவுகோல். சரிபார்க்கும் முறைக்கு எஸ்ஆர்ஐ என்று பெயர். 2016 ஜூனில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி அதைப் பரிந்துரையாக வெளியிட்டது. டேக்கில் இன்டெக்ரிட்டி என்ற பண்பில் கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எழுத்துச் சரத்தை) எழுதி வைத்தால், இறங்கிய கோப்பின் ஹாஷைப் பிரவுசர் தானே கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் ஓட விடாது. இன்று புழக்கத்தில் இருக்கும் எல்லாப் பிரவுசரிலும் இது வேலை செய்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்னமும் பழைய பாடத்தையே சொல்லிக் கொடுக்கிறார்கள். "எல்லாரும் ஒரே சிடிஎன்னில் ஜேகுவரி எடுத்தால், வாடிக்கையாளரின் பிரவுசரில் அது ஏற்கெனவே இருக்கும், திரும்ப இறங்காது" என்பது செத்துப்போன வாதம். சஃபாரி முன்பே தளத்துக்குத் தளம் கேச்சை (இறக்கிய கோப்புகளின் சேமிப்பை) பிரித்து வைத்துக்கொண்டது. 2020 அக்டோபரில் குரோம் 86, 2021 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 85 அதே வழிக்கு வந்துவிட்டன. இப்போது உங்கள் பக்கத்துக்கு முதல்முறை வருகிறவர் அந்தக் கோப்பைப் புதிதாகத்தான் இறக்குகிறார். அதற்கு மேல், புது டொமைன் என்பதால் ஒரு டிஎன்எஸ் தேடல், ஒரு டிசிபி இணைப்பு, ஒரு டிஎல்எஸ் கைகுலுக்கல் என்று தனிச் செலவு வேறு.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்தக் கோப்பின் பதில் ஹெடர்களை (கோப்போடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகளை) பாருங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக வந்தால் சிஎஃப்-ரே என்ற ஹெடரின் கடைசியில் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு இருக்கும். கேயூஎல் என்றால் கோலாலம்பூர், எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். இரண்டும் பக்கத்தில்தான், புடவைக் கடைக்கு அந்த வித்தியாசம் உறைக்காது. அமெரிக்கக் குறியீடு ஏதாவது வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சிடிஎன்ஜேஎஸ்: முதல் தேர்வு. மூன்றில் எளிமையானது இதுதான், நல்ல அர்த்தத்தில். 2011 முதல் இருக்கிறது, கிளவுட்ஃபிளேர் தாங்குகிறது. நூலகத்தின் பெயரைத் தேடி, பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் முகவரியை நகலெடுக்க ஒரு பொத்தான், ஹாஷை நகலெடுக்க ஒன்று, முழு டேக்கை நகலெடுக்க ஒன்று. மூன்றாவதைத்தான் அழுத்த வேண்டும். அதில் ஷா-512 ஹாஷ், கிராஸ்ஆரிஜின் அனானிமஸ், ரெஃபரர்பாலிசி நோ-ரெஃபரர் மூன்றும் கூடவே வரும். முகவரியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு "சிடிஎன்ஜேஎஸ் பாதுகாப்பானது" என்று சொல்வதில் பொருளில்லை.

இங்கே முகவரியில் பதிப்பு எண் கட்டாயம். "கடைசிப் பதிப்பு" என்று பொதுவாகக் கேட்கும் வழியே இல்லை. இது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். இதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். பக்க வடிவமைப்புக்கான பழைய பூட்ஸ்ட்ராப், ஸ்லைடருக்கான ஸ்லிக் 1.8.1 போன்ற நூலகங்களை வைத்து ஓடும் கடைப் பக்கங்களுக்குத் தேவையான எல்லாமே கிடைக்கும். எண்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் வரும் புதுப் புது நூலகப் பேக்கேஜ்கள் எல்லாம் கிடைக்காது. அவர்கள் சேர்த்தால்தான் உண்டு.

அதற்காக அப்பழுக்கில்லாத சேவை என்று சொல்ல வரவில்லை. 2021இல் ஜப்பானியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதன் நூலகப் புதுப்பிப்பு சர்வரில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். எண்பிஎம்மிலிருந்து வரும் சுருக்கப்பட்ட பேக்கேஜைப் பிரிக்கும்போது, உள்ளே இருக்கும் கோப்புப் பாதையைச் சரியாகச் சோதிக்காததால், வேண்டிய இடத்தில் கோப்பை எழுதிக் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. கிளவுட்ஃபிளேர் அதை அடைத்துவிட்டது. ஆனால் யாராவது முந்திக்கொண்டு ஜேகுவரி கோப்பையே மாற்றியிருந்தால்? இன்டெக்ரிட்டி ஹாஷ் வைத்திருந்த பக்கங்களில் ஸ்லைடர் நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான். வைக்காத பக்கங்களின் கதி வேறு.

ஜேஎஸ்டெலிவர்: வசதி அதிகம், கவனமும் அதிகம் வேண்டும். எண்பிஎம்மில் உள்ள எந்தப் பேக்கேஜையும், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் திறந்திருக்கும் எந்தக் களஞ்சியத்தையும் இது பரிமாறும். ஒரே நிறுவனத்தின் வலையமைப்பை நம்பாமல் ஒன்றுக்கு மேற்பட்ட சிடிஎன்களைப் பின்னால் வைத்திருக்கிறது. ஒருமுறை பரிமாறிய பேக்கேஜ் எண்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டாலும், தன் சேமிப்பிலிருந்து தொடர்ந்து கொடுக்கும். பூட்ஸ்ட்ராப் தன் ஆவணத்திலேயே ஜேஎஸ்டெலிவர் முகவரியை ஷா-384 ஹாஷுடன் கொடுப்பதால், நம் ஊரில் பலர் பெயரே தெரியாமல் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பேக்கேஜ் பக்கத்தில் கோப்புக்கு எதிரே நகல் மெனுவைத் திறந்தால் முகவரி, ஹெச்டிஎம்எல், ஹெச்டிஎம்எல்லுடன் எஸ்ஆர்ஐ என்று தேர்வுகள் இருக்கும். கடைசித் தேர்வை எடுங்கள். இதுவரை சரி. சிக்கல் முகவரியில் இருக்கிறது. பேக்கேஜ் பெயருக்குப் பின் @ குறி போட்டு 11.1.4 என்று எழுதினால் அந்த ஒரே பதிப்பு, கோப்பு மாறாது, ஒரு வருடத்துக்குக் கேச் ஆகும். வெறும் 11 என்று எழுதினால் 11இல் கடைசியாக வந்தது எதுவோ அது. எதுவுமே எழுதாவிட்டால் இன்றைக்குக் கடைசிப் பதிப்பு. பேக்கேஜ் எழுதியவரின் எண்பிஎம் கணக்கை ஒருவன் களவாடி நள்ளிரவில் புதுப் பதிப்பு ஏற்றினால், விடிவதற்குள்ளேகூட அது உங்கள் பக்கத்துக்கு வந்து சேரலாம், உங்கள் கைபடாமலே. ஹாஷும் போட்டு, பதிப்பைப் பாதியாகவும் எழுதியவர்களுக்கு வேறு வேதனை. அடுத்த பதிப்பு வந்ததும் ஹாஷ் பொருந்தாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரமாகப் பார்த்து அது நடக்கும்.

இரண்டாவது குழி இதைவிட நுணுக்கமானது. பேக்கேஜில் சுருக்கிய கோப்பு இல்லாவிட்டாலும், கோப்புப் பெயரின் நடுவே டாட் மின் (.min) சேர்த்துக் கேட்டால் ஜேஎஸ்டெலிவரே டெர்சர் என்ற கருவி கொண்டு சுருக்கிக் கொடுக்கும். இறங்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். தலையில் ஒரு குறிப்பு இருக்கும்: இது ஜேஎஸ்டெலிவர் சுருக்கியது, அசல் கோப்பு இன்னது, இப்படி உருவாக்கப்படும் கோப்புகளுக்கு எஸ்ஆர்ஐ பயன்படுத்தாதீர்கள். காரணம் எளிது. டெர்சரின் பதிப்பை அவர்கள் மாற்றினால் வெளியீட்டில் ஓரிரு பைட் மாறலாம், ஹாஷ் முழுதும் மாறிவிடும். பல கோப்புகளை ஒட்டிக் கொடுக்கும் கம்பைன் முகவரிக்கும், மாட்யூல் வடிவில் மாற்றிக் கொடுக்கும், பிளஸ் குறியோடு வரும் இஎஸ்எம் முகவரிக்கும் இதே கதைதான். பேக்கேஜுக்குள் ஏற்கெனவே வெளியீட்டுக்குத் தயாராக இருக்கும் டிஸ்ட் கோப்பை மட்டும் கேளுங்கள்.

இந்த இரண்டையும் தாண்டத் தெரிந்தவருக்கு ஜேஎஸ்டெலிவர் அருமையான சேவை. தெரியாதவர் கையில் கொடுக்க மாட்டோம்.

அன்பிகேஜி: எண்பிஎம் பேக்கேஜை அப்படியே திறந்து காட்டும். பதிப்பு போடாவிட்டால் கடைசிப் பதிப்புக்குத் திருப்பிவிடும். உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்க்கவும், மாதிரிப் பக்கம் ஒன்றைப் பத்து நிமிடத்தில் கட்டவும் நல்லது. கடைப் பக்கத்துக்கு இதை எடுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஜேகுவரி மட்டும் போதும் என்கிறவர்கள் அதன் அதிகாரப்பூர்வ சிடிஎன்னுக்கே போகலாம். ஷா-256 ஹாஷோடு முழு டேக்கையும் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றும் இலவசம். நின்றுபோனால் கேட்க ஆள் கிடையாது என்பதும் அந்த விலைக்குள் அடக்கம்.

ஹாஷ் போட்ட பிறகுதான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில், கிராஸ்ஆரிஜின் விட்டுப்போவது. வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்டில் இன்டெக்ரிட்டி மட்டும் இருந்து கிராஸ்ஆரிஜின் அனானிமஸ் இல்லையென்றால், ஹாஷ் சரியாக இருந்தாலும் பிரவுசர் தடுத்துவிடும். வேறு டொமைனின் கோப்பைப் படிக்க அனுமதி கேட்கும் கோர்ஸ் முறையில் கேட்டால்தான் சரிபார்க்கலாம் என்பது விதி. மேலே சொன்ன சேவைகள் எல்லாமே அதற்கு வேண்டிய ஹெடரை அனுப்புகின்றன, நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். யூஸ்-கிரெடென்ஷியல்ஸ் என்று போட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் அனுமதி என்ற நட்சத்திரக் குறியோடு வரும் பதிலை அந்த முறையில் பிரவுசர் ஏற்காது. இணைப்பை முன்கூட்டியே திறக்கும் பிரீகனெக்ட் வரி போடுகிறவர்கள் அந்த வரியிலும் கிராஸ்ஆரிஜின் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்கூட்டித் திறந்த இணைப்பு வீணாகி, ஸ்கிரிப்டுக்கு இன்னொரு இணைப்பு திறக்கும்.

இரண்டாவது தவறு ஆபத்தானது, ஏனென்றால் எந்தப் பிழையும் பக்கத்தில் தெரியாது. ஷா-384 என்று எழுத வேண்டியதை 348 என்று எழுதினால் ஸ்கிரிப்ட் நிற்காது, ஓடும். தெரியாத முறை என்றால் பிரவுசர் அந்தப் பண்பையே இல்லாததாக எடுத்துக்கொள்கிறது. ஹாஷை வேர்டில் ஒட்டி அங்கிருந்து எடுக்கும்போது நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிட்டால் நடப்பதும் இதுதான். சோதிக்க ஒரே வழி: ஹாஷின் நடுவில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஸ்லைடர் சாக வேண்டும். சாகாவிட்டால் உங்கள் காவல்காரன் தூங்குகிறான்.

ஹாஷைத் தானே கணக்கிடுகிறவர்கள் நீளத்தை எண்ணிப் பார்க்கலாம். ஷா-256 என்றால் பேஸ்64 என்ற எழுத்து வடிவில் 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. ஷா-384 என்றால் சரியாக 64, சமக்குறி கிடையாது. ஷா-512 என்றால் 88, கடைசியில் இரண்டு சமக்குறி. ஷா-384க்கு 128 எழுத்து வந்தால், பைனரி வெளியீட்டுக்குப் பதில் 96 எழுத்து ஹெக்ஸ் சரத்தையே பேஸ்64 ஆக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். முறைப்படி, ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் டைஜஸ்ட் கட்டளைக்குப் பைனரி என்ற தேர்வைக் கொடுத்து, வரும் வெளியீட்டை அப்படியே பேஸ்64 கட்டளைக்குள் செலுத்தி, வரி உடையாமல் ஒரே வரியாக எடுக்க வேண்டும்.

கோப்பு கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தும் ஹாஷ் மாறுவது பெரும்பாலும் வரி முடிவால். விண்டோஸில் கிட் என்ற பதிப்பு நிர்வாகக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் கூடிவிடும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலின் எடிட்டரிலோ நோட்பேடிலோ திறந்து சேமித்தால் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் பிஓஎம் குறி ஏறிக்கொள்ளலாம். எஃப்டிபியில் ஆஸ்கி முறையில் ஏற்றினாலும் அதேதான், பைனரி முறையில் ஏற்றுங்கள். ஆனால் அனுப்பும்போது சர்வர் செய்யும் ஜிசிப் சுருக்கத்தால் ஹாஷ் மாறாது. பிரவுசர் விரித்த பிறகுதான் ஹாஷ் பார்க்கிறது.

பொருந்தாதபோது குரோம் கன்சோலில் சிவப்பு எழுத்தில், சரியான டைஜஸ்ட் கிடைக்கவில்லை, கோப்பைத் தடுத்துவிட்டேன் என்று சொல்லும். கூடவே, வந்த கோப்புக்குத் தான் கணக்கிட்ட ஹாஷையும் காட்டும். இங்கேதான் கை துறுதுறுக்கும். அந்த ஹாஷை எடுத்து டேக்கில் ஒட்டினால் பிழை போய்விடும், வாடிக்கையாளரும் சமாதானமாகிவிடுவார். ஆனால் வந்தது எதுவோ அதையே அசல் என்று ஒப்புக்கொண்டீர்கள். ஹாஷை எடுக்க வேண்டிய இடம் நூலகத்தின் சொந்த ஆவணம், அல்லது எண்பிஎம் பேக்கேஜைத் தனியாக இறக்கி நீங்கள் கணக்கிட்டது.

பதிப்பு மாற்றும் நாளில் ஒரு வசதி உண்டு. ஒரே பண்பில் இடைவெளி விட்டு இரண்டு ஷா-384 ஹாஷ்களை எழுதலாம், எது பொருந்தினாலும் ஓடும். ஷா-256 ஒன்றும் ஷா-512 ஒன்றும் எழுதினால் அப்படி ஆகாது, வலுவானதை மட்டும்தான் பிரவுசர் பார்க்கும்.

வேர்ட்பிரஸ் பக்கங்களில் ஸ்கிரிப்ட் சேர்க்கும் வழக்கமான என்கியூ செயற்கூறில் இன்டெக்ரிட்டிக்கு இடமில்லை. ஸ்கிரிப்ட் லோடர் டேக் என்ற ஃபில்டரில் புகுந்து பண்பைச் சேர்க்க வேண்டும். அதன்பின் எல்லா ஸ்கிரிப்டையும் ஒட்டிச் சுருக்கும் கேச் பிளகின் ஒன்றைப் போட்டால், அவ்வளவு உழைப்பும் போய்விடும். வெளிக் கோப்புகளை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மாட்யூல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டேக்கில் போடும் ஹாஷ் அந்த ஒரு கோப்பை மட்டும்தான் காக்கும். அது உள்ளே இம்போர்ட் செய்யும் கோப்புகளுக்குக் காவல் இல்லை. அந்தக் கோப்புகளின் முகவரிப் பட்டியலான இம்போர்ட் மேப்பில் ஹாஷ் எழுதும் வசதி குரோம் 127, சஃபாரி 18 முதல் வந்திருக்கிறது.

அடுத்த அடுக்கு சிஎஸ்பி ஹெடர். எந்த இடத்திலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்று பிரவுசருக்குச் சொல்வது. இதில் பலர் ஜேஎஸ்டெலிவர் டொமைனை மொத்தமாக அனுமதித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த டொமைனில் எண்பிஎம் முழுவதும் இருக்கிறது, கிட்ஹப்பும் இருக்கிறது. தாக்குகிறவன் தன் பெயரில் ஒரு பேக்கேஜ் ஏற்றிவிட்டு அதே முகவரியில் எடுத்துக்கொள்வான். சிடிஎன்ஜேஎஸ் டொமைனை அனுமதித்தாலும், அங்கே இருக்கும் ஆங்குலர்ஜேஎஸ் நூலகத்தின் பழைய பதிப்புகளைக் கொண்டு வேலியைத் தாண்டும் வித்தை பழையது. பதிப்பு எண்ணோடு முழுப் பாதையையும் எழுதுங்கள். கடைசியில் சாய்கோடு இருந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாமும், இல்லாவிட்டால் அந்த ஒரே கோப்பும் பொருந்தும். இடையில் முகவரி திருப்பப்பட்டால் பாதைச் சோதனை கைவிடப்பட்டு டொமைன் மட்டும்தான் பார்க்கப்படும். திருப்பிவிடும் அன்பிகேஜி முகவரிகள் இங்கேயும் பிடிக்காமல் போவது அதனால்தான்.

ஹெடரை முதலில் ரிப்போர்ட்-ஒன்லி வடிவத்தில் போட்டு, வார இறுதிகளும் சேர ஒரு பதினைந்து நாள் விட்டு, எது எது அடிபடுகிறது என்று பாருங்கள். இந்த வடிவம் மெட்டா டேக்கில் வேலை செய்யாது, சர்வர் ஹெடராகத்தான் வர வேண்டும். அப்பாச்சி ஹோஸ்டிங்கில் ஹெச்டிஅக்செஸ் கோப்பில் ஒரு வரி போதும். மலேசியக் கடைகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: ஃபார்ம்-ஆக்‌ஷன் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தால், படிவம் அனுப்பிய பிறகு வரும் திருப்பங்களையும் குரோம் சோதிக்கும். எஃப்பிஎக்ஸ் பாதையில் பேமென்ட் கேட்வே, எஃப்பிஎக்ஸை நடத்தும் பேநெட், பேங்க் என்று இரண்டு மூன்று தாவல் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பணம் போகும், குரோமில் நின்றுவிடும். காரணம் தேடி அரை நாள் போகும்.

ஹாஷ் போடவே முடியாத ஸ்கிரிப்ட்களும் இருக்கின்றன. கூகுள் அனலிடிக்ஸ், விளம்பர பிக்சல்கள், சாட் பெட்டி, ஸ்டிரைப் போன்ற கட்டணச் சேவைகள் எல்லாம் தங்கள் கோப்பை விரும்பியபோது மாற்றிக்கொள்ளும். ஸ்டிரைப் தன் கோப்பைத் தன் டொமைனிலிருந்தே ஏற்ற வேண்டும் என்கிறது, நகலெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அதை ஏற்கலாம், பணத்துக்கு அவர்களை ஏற்கெனவே நம்புகிறோம். சாட் பெட்டிக்கு அந்தச் சலுகை எதற்கு? பணம் கட்டும் பக்கத்தில் அது வேண்டாம். மற்ற பக்கங்களில் வேண்டும் என்றால், துணை டொமைன் ஒன்றில் தனிப் பக்கமாக வைத்து ஐஃபிரேமில் காட்டுங்கள். அங்கிருந்து உங்கள் படிவத்தை அதனால் எட்டிப் பார்க்க முடியாது.

அட்டை எண்ணைத் தன் பக்கத்திலேயே வாங்கும் கடைகளுக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. அட்டைக் கட்டணப் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் 4இன்படி 2025 மார்ச் 31 முதல், கட்டணப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பட்டியலிட்டு, ஏன் தேவை என்று எழுதி, மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திருத்தமும் வந்துவிட்டது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் 250,000 வெள்ளி வரை அபராதம். வெளி ஸ்கிரிப்ட் ஒன்று படிவத்தைத் திருடினாலும் கசிவு உங்களுடையதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் பரிந்துரை: மாதம் சில நூறு ஆர்டர் வரும் கடைக்கு மேலே சொன்ன மூன்றில் எதுவுமே வேண்டாம். ஜேகுவரி 3.7.1 சுருக்கிய கோப்பு சுமார் 87 கேபி, ஜிசிப் ஆனால் 30 கேபி அளவு. அதைச் சொந்த ஹோஸ்டிங்கில் வைத்து, கோப்புப் பெயரிலேயே பதிப்பை எழுதி, நீண்ட கேச் ஹெடர் கொடுத்தால் முடிந்தது. சைபர்ஜெயாவில் ஹோஸ்டிங் வைத்திருக்கும் பினாங்கு லெபோ பசார் மசாலாக் கடைக்கு, இன்னொரு டொமைனைத் தேடிப் போகாததால் பக்கம் சற்று விரைவாகவே திறக்கும். ஹோஸ்டிங் அமெரிக்காவில் இருந்தால் முன்னால் கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தைப் போடுங்கள். ஜேஎஸ் கோப்புகளை அது தானாகவே கேச் செய்யும். அதிலுள்ள ராக்கெட் லோடரை மட்டும் அணைத்துவிடுங்கள், ஸ்கிரிப்ட் டேக்குகளை அது மாற்றி எழுதும்.

சொந்த சர்வர் என்றால் காவல் நம் தலையில். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸில் திருடர்கள் தொட்டது அவர்கள் தளத்திலேயே இருந்த மாடர்னைசர் என்ற நூலகக் கோப்பைத்தான். சேர்த்தது 22 வரி, விளைவு 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம். ஆகவே ஜேஎஸ் கோப்புறையின் ஹாஷ்களை வேறொரு இயந்திரத்தில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை இணையம் வழியாக இறக்கி ஒப்பிடும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று வேண்டும். அதே சர்வரிலேயே வைத்தால், கோப்பை மாற்றியவன் குறிப்பையும் மாற்றிவிடுவான்.

பதிப்பைப் பூட்டி வைப்பதற்கு ஒரு விலை உண்டு: திருத்தங்களும் தானாக வராது. 2020 ஏப்ரலில் வந்த ஜேகுவரி 3.5.0, அந்நிய ஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள் நுழைய விடும் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டைகளை அடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பை ஹாஷோடு கெட்டியாகப் பூட்டி வைத்திருக்கும் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலகப் பதிப்புகளைப் பார்த்து ஹாஷுடன் சேர்த்து மாற்றுவது யார் வேலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடர், தேதி தேர்வு என்று நாலைந்து கோப்புதான், ஒரு மணி நேர வேலைக்கு மேல் இராது.